பூவிழி நின்ற இடம்

கடற்காற்று வீசும் ஊரில் ரக்பி ஆடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பந்தை உயர உதைக்கக் கூடாது என்பதுதான். முட்டை மாதிரிப் பந்து அது. உப்பளத்து மைதானத்தில் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று ஏறிவிடும். அப்போது உதைத்த பந்து கொஞ்ச நேரம் அந்தரத்தில் தயங்கி நின்றுவிட்டு, உதைத்தவளிடமே திரும்பி வரும். வெளியூர் அணிக்காரர்கள் முழிப்பார்கள். எங்கள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

உங்களுக்கு இந்த விளையாட்டு தெரியாது என்று சொன்னீர்கள், மேடம். அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். விளையாட்டு தெரியாமல் எழுதினால் தவறான ஆளைக் குற்றவாளியாக எழுதிவிடுவீர்கள். மெரின் காலையிலிருந்து இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறாள் என்று அவள் அப்பா சூசை போனில் சொன்னார். அதற்குமேல் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். யாரும் கூப்பிடாமல் நானே வண்டியை எடுத்துக்கொண்டு வந்தது அதற்காகத்தான். மெரின் என் அணியின் கேப்டன். பழியைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய பெண். அப்படி ஏதாவது சொல்லியிருந்தால் நீங்கள் அதை நம்பக் கூடாது.

என் பெயர் லூர்துபிரகாஷ். வீடு நெல்லித்தோப்பில். ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். பிரான்ஸில் குடியேறிய சித்தப்பாவின் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது ஒரு ரக்பிப் பந்தைக் கொண்டுவருவார்கள். அப்படித்தான் சின்ன வயதில் இந்த ஆட்டம் என்னிடம் ஒட்டிக்கொண்டது. பெண்கள் அணியை நான்தான் தொடங்கினேன். கபடி ஆடுகிறவர்கள், ஓடுகிறவர்கள், வீட்டில் அடங்காதவர்கள் என்று ஒவ்வொருத்தியாகச் சேர்த்தேன். பள்ளிக்கூடத்துப் பெண்கள் கிடையாது, எல்லாரும் கல்லூரி வயது. மாலையில் மைதானம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரை மணல்.

பெரிய ரக்பியில் பதினைந்து பேர் ஆடுவார்கள். நாங்கள் ஆடுவது செவன்ஸ், ஏழு பேர் ஆட்டம். ஆனால் மைதானம் அதே அகலம்தான். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடி வருகிறவளைப் பிடித்துக் கீழே சாய்க்க வேண்டும். ஏழு பேரால் அத்தனை அகலத்தை அடைக்க முடியாது என்பது யாருக்கும் புரியும். முடியாததை எப்படிச் செய்வது என்பதுதான் பயிற்சியாளரின் வேலை. ஆறு பேரை ஒரே கோட்டில் நிறுத்துவேன். ஒருத்தி பின்னால் காவல். எதிரணி பந்தை எடுத்த கணத்தில் அந்த ஆறு பேரும் ஒன்றாக முன்னால் ஏற வேண்டும். ‘ஏறு’ என்று ஒரு குரல் கொடுப்போம். பயிற்சியில் நான் கொடுப்பேன், ஆட்டத்தில் மெரின் கொடுப்பாள். கை நீட்டினால் பக்கத்தில் இருப்பவளின் தோள் கிடைக்க வேண்டும். யாரும் முந்தக் கூடாது, யாரும் பிந்தக் கூடாது. ஒருத்தி முந்தினால் அவளுக்குப் பின்னால் கதவு திறந்துகொள்ளும். அதன் வழியாக ஒருத்தி நுழைந்துவிட்டால் அவளைத் துரத்த ஆள் இல்லை.

தாக்குதல் ஆடத் திறமை இருந்தால் போதும் என்று என் பெண்களிடம் சொல்வேன். தற்காப்பு ஆட வேறொன்று வேண்டும். தன்னை மறக்க வேண்டும்.

பூவிழிக்கு அது வரவில்லை.

அவளை நான் முதலில் பார்த்தது ஒரு கபடிப் போட்டியில். கனகசெட்டிக்குளத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா வரலட்சுமி மீன் விற்கிறவர். எதிராளியின் கால் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கால் திரும்பும் முன்பே தெரிந்த மாதிரி ஆடினாள். அப்படிப்பட்டவள் எந்தப் பயிற்சியாளர் கண்ணிலும் படுவாள். நானே அவள் வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்துவந்தேன். வரிசையில் மெரினுக்கு இடது பக்கம் அவளுக்கு இடம் கொடுத்தேன்.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. அவள் வரிசையில் நிற்கமாட்டாள். எதிரணிக்காரி பாஸ் கொடுக்கும் முன்பே பந்து எங்கே போகும் என்று கணித்து, தனியாகப் பாய்ந்துவிடுவாள். பல தடவை பந்து அவள் கைக்கு வரும். அப்போது மைதானமே எழுந்து கைதட்டும். வராத தடவையில் அவள் விட்டுப்போன இடத்தில் கதவு திறந்து கிடக்கும். சென்னையில் ஒரு அரையிறுதியில் அப்படித்தான் தோற்றோம். பந்து அவள் விரல்நுனியில் பட்டுத் தாண்டிப் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எத்தனை தடவை சொல்வது என்று.

“சார், பந்து எங்க போவும்னு எனக்குத் தெரியுது சார்,” என்றாள். “தெரிஞ்சும் எப்டி சார் சும்மா நிக்கறது?”

“தெரிஞ்சாலும் நில்லு.”

“அது எப்டி சார்?” என்று கேட்டுவிட்டு உண்மையாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அவளை வெறுத்தேன் என்று நினைக்காதீர்கள். என் அணியிலேயே அறிவாளி அவள்தான். அதுதான் சிக்கல்.

மழைக்காலம் முடிந்து தரை இறுகியிருந்த நாளில் அது நடந்தது. அந்த முதல் தடவை விபத்துதான். யார் தலைமேல் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். பயிற்சியில் பூவிழி பந்தோடு ஓடிவந்தாள், மெரின் பிடித்துச் சாய்த்தாள், பின்னந்தலை தரையில் மோதியது. எழுந்து உட்கார்ந்தாள். “டீ குடிச்சிட்டோமா சார்?” என்று கேட்டாள். குடித்துவிட்டோம் என்றேன். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். தண்ணீர் கொடுத்து, வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடலாம் என்று வரிசையில் நிறுத்தினேன்.

‘ஏறு’ என்றேன். ஏறினாள். மற்ற ஐந்து பேரோடும் ஒன்றாக ஏறினாள்.

அன்று மீதி நேரம் முழுக்க அவள் வரிசையை விட்டு வெளியே வரவே இல்லை. அடுத்தடுத்த நாள்களிலும் அப்படியே. முன்பெல்லாம் அவள் கண் பந்தையே குத்திக்கொண்டிருக்கும். இப்போது பக்கத்தில் நிற்பவளின் இடுப்பைப் பார்த்தது. மெரின் நகர்ந்தால் நகர்ந்தாள், நின்றால் நின்றாள். எதிரே எவ்வளவு கனமானவள் வந்தாலும் உடம்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாள், அஞ்சவில்லை. நான் இரண்டு வருடமாகத் தொண்டை வறளக் கத்திக் கேட்டதை, ஒன்றும் சொல்லாமலே செய்தாள். அடுத்து வந்த போட்டியில் எங்களைத் தாண்டி ஒருத்தியும் போகவில்லை. ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாதா கோயிலில் எல்லாரும் ஒன்றாக முழந்தாளிடும்போது ஒரு ஓசை கேட்கும், உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. அந்த ஓசை என் மனத்தில் கேட்டது.

பிறகு அவளுக்குக் குணமாகிவிட்டது.

எப்படித் தெரிந்தது என்றால், ஒரு மாலையில் நான் ‘ஏறு’ என்று சொல்வதற்கு முன்பே பாய்ந்து, மெரின் எறிந்த பந்தை அந்தரத்தில் பறித்தாள். பறித்துவிட்டுச் சிரித்தாள். பழைய சிரிப்பு. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. கையில் கிடைத்ததைத் தவறவிட்டவனுக்கு எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

மறுநாள் மெரினைக் குழாயடிக்குக் கூப்பிட்டுப் பேசினேன். மெரினுக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்குப் போக ஆசை. உங்களைப் போலவே, மேடம். அதற்கு மெடல் வேண்டும். மெடலுக்கு வரிசை கெட்டியாக நிற்க வேண்டும். அதைத்தான் எடுத்துச் சொன்னேன். பூவிழியைப் பிடிக்கும்போது தோள் கொஞ்சம் மேலே வரட்டும் என்றேன்.

“மேலன்னா சார்?”

“மார்புக்கு மேல.”

அவள் குழாயை மூடினாள். “அங்க தல இருக்கு சார்.”

“தெரியும்.”

“அவளுக்கு ஏற்கெனவே அடிபட்டிருக்கு சார். அன்னிக்கு வூட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாளாம்.”

“அதுக்கப்புறம் எப்படி ஆடினா, நீ பக்கத்துலதான நின்ன? அவளுக்கு நல்லது பண்றோம் மெரின். நல்லா ஆடறா, மெடல் வாங்கறா, அவ வூட்டுக்கும் நல்லது.”

மெரின் மூடிய குழாயை மறுபடி இறுக்கினாள். பிறகு “சரி சார்” என்றாள். என் பள்ளியில் படித்த காலத்திலிருந்தே என்னிடம் வளர்ந்த பெண். நான் சொல்லி அவள் மறுத்ததில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவள் சொந்தமாக எதையும் செய்யவில்லை.

அடி என்ற சொல்லை நான் பயன்படுத்தியதே இல்லை. திருத்தம் என்று சொல்வோம். ‘இன்னிக்கு ஒரு திருத்தம் இருக்கு’ என்பேன். சொல்வோம் என்றால், நான் சொல்வேன். மெரின் தலையை மட்டும் ஆட்டுவாள். பூவிழி தானாக யோசிக்கத் தொடங்கும்போதெல்லாம் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. தேவையில்லாமல் ஒன்றும் நடக்கவில்லை. அதில் நான் கண்டிப்பாக இருந்தேன்.

நான் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை, அறியாமை என்று எழுதிவிடாதீர்கள். தலையில் அடிபட்டால் என்ன ஆகும் என்று நிறையப் படித்தேன். ஆறும் முன்பு மறுபடி அடிபட்டால் என்ன ஆகும் என்றும் படித்தேன். அந்தச் சமயத்தில் என் மகள் ரூபி, தன் பள்ளியில் ரக்பி தொடங்குகிறார்கள், சேரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நீச்சலுக்குப் போ என்று சொன்னேன்.

போட்டிகளில் டாக்டர் இருப்பார். தலையில் அடி வாங்கினவளைக் கேள்வி கேட்டுத்தான் உள்ளே விடுவார். இன்று என்ன கிழமை, யாரோடு ஆடினாய், போன ஆட்டத்தில் ஜெயித்தீர்களா, மாதங்களைப் பின்னாலிருந்து சொல். பூவிழியைக் கனகசெட்டிக்குளத்திலிருந்து நானே வண்டியில் கூட்டிவருவேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காற்று காதை அடைக்கும். பின்னால் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவாள். டிசம்பர், நவம்பர், அக்டோபர். தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து. நான் எரிச்சல்பட்டதே இல்லை. வேறு எந்தப் பயிற்சியாளரும் ஒரு பெண்ணுக்காக இவ்வளவு நேரம் செலவழித்திருக்கமாட்டார். இளம் டாக்டர் அம்மாள் ஒருவர் அவள் பதில்களைக் கேட்டுவிட்டு, “நல்ல தெளிவா இருக்கா” என்று என்னிடமே சொன்னார்.

வரலட்சுமி ஒருநாள் மைதானத்துக்கு வந்தார். மார்க்கெட் முடிந்து காலிக் கூடையோடு நேராக வந்திருந்தார். கேட்டுக்கு உள்ளே வரவில்லை, மீன் வாடை அடிக்கும் என்று வெளியிலேயே நின்றார்.

“சார், எம்பொண்ணு ஒரு மாரி ஆவுது சார். உப்பு போட்ட கொழம்புக்கு மறுபடி உப்பு போடுது. கருவாடு காய வெச்சத மழ வந்தாகூட எடுக்கல, பாத்துக்கினே நிக்குது. இன்னாடின்னா, யாரும் சொல்லலியேம்மான்னு சொல்லுது.”

‘யாரும் சொல்லவில்லையே.’ அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டதை மறைக்கப் போவதில்லை. பெருமையாக இருந்தது.

“ஆட்டத்து நெனப்பும்மா,” என்றேன். “பெரிய போட்டி வருது. அது முடிஞ்சதும் நல்லா ரெஸ்ட் குடுத்துடலாம்.”

“ஒங்கள நம்பித்தான் சார் உட்டிருக்கேன்,” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

பெரிய போட்டி நம் ஊரிலேயே நடந்தது. இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். அதற்கு முந்தின மாலை லேசான பயிற்சிதான் வைத்திருந்தேன். ஓடி, உடம்பை நீட்டி, வீட்டுக்குப் போக வேண்டியது. பூவிழி புல்லில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நீண்ட நாளுக்குப் பிறகு கண்ணில் வெளிச்சம் இருந்தது.

“சார், அந்த டீம்ல குட்டையா ஒரு பொண்ணு இருக்கில்ல, அது பாஸ் குடுக்கறதுக்கு மின்னாடி நாக்கக் கடிக்குது சார். கவனிச்சீங்களா? இந்தப் பக்கம் குடுக்கறதுன்னா மட்டும் கடிக்குது.”

நான் கவனித்திருக்கவில்லை. காலையில் அந்த அணி ஆடியதை நாங்கள் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துதான் பார்த்தோம். யாருமே கவனித்திருக்கவில்லை. அவள் சொன்னதை வைத்து இறுதி ஆட்டத்தில் பந்தைப் பறித்திருக்கலாம், நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அது எனக்கும் தோன்றியது. ஆனால் பறிக்கப் பாய்ந்தால் வரிசை உடையும். ஒரு நாக்கை நம்பி ஒரு வரிசையை விட்டுக்கொடுக்க முடியாது.

“நல்லா கவனிச்சிருக்க,” என்றேன். தோளில் தட்டிக்கொடுத்தேன். பிறகு மெரினைப் பார்த்தேன்.

மெரின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வந்தாள்.

லேசான பயிற்சியில் கடைசியாக ஒரே ஒரு டேக்கிள், அதாவது பிடித்துச் சாய்ப்பது, வைத்தோம். அந்தத் திருத்தம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. பூவிழி எழுந்திருக்கத் தாமதமானது. மெரின் அவள் பக்கத்தில் மண்டியிட்டு அவள் முகத்தைத் துடைத்தாள். எழுந்து நின்றபோது பூவிழி ஒன்றும் கேட்கவில்லை. டீயைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

இறுதி ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், மேடம். அப்படி ஒரு தற்காப்பை இந்த ஊர் கண்டதில்லை. எதிரணி அலை அலையாக வந்து மோதியது. பூவிழி பிடித்தாள், விழுந்தாள், எழுந்தாள், தன் இடத்துக்குப் போய் நின்றாள். மறுபடி பிடித்தாள். ஒரு தடவை எழுந்து எதிரணியின் வரிசைக்குள் போய் நின்றுவிட்டாள்; மெரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். அப்போது வெளியே எடுத்திருக்கலாமே என்றுதானே பார்க்கிறீர்கள். மாற்று ஆட்டக்காரி ஓரத்தில் தயாராகத்தான் இருந்தாள். என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் இருந்தாள். நான் கையைக் காட்டவில்லை. அந்த இடத்தில் வேறொருத்தி நின்றிருந்தால் யோசித்திருப்பாள்.

ஜெயித்தோம். விசில் ஊதியதும் எல்லாரும் நடுவில் ஓடிக் கட்டிக்கொண்டார்கள். பூவிழி மட்டும் தன் இடத்திலேயே நின்றாள். முழங்காலை லேசாக மடித்து, கைகளை விரித்து, எதிரே யாரும் இல்லாத மைதானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த குரலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. பிறகு கால் மடங்கி அப்படியே சரிந்தாள்.

தலைக்குள் ரத்தம் கட்டியிருந்தது என்றார்கள். மண்டையோட்டைத் திறந்து எடுத்தார்கள். உயிர் பிழைத்ததே அதிசயம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒருநாள் பார்க்கப் போனேன். போகவில்லை என்று யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியை மழித்திருந்தார்கள். வரலட்சுமி கஞ்சியை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தார். ஊட்டினால் விழுங்குகிறாள், அம்மாவை அம்மா என்று தெரியவில்லை என்றார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. அப்பா கடலிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்து அழுதபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

நான் அவளுக்கு எதிரே நின்றேன். ஏதாவது பேசலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். “ஏறு” என்றேன், மெதுவாக.

பூவிழி எழுந்தாள். கஞ்சிக் கிண்ணம் கீழே விழுந்தது. இரண்டடி முன்னால் வந்து, என் இடது பக்கம், கை நீட்டினால் தோள் கிடைக்கும் தூரத்தில் நின்றாள். முழங்கால் மடிந்தது. கைகள் விரிந்தன. துல்லியமாக நின்றாள். எல்லாம் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள். நான் கற்றுக்கொடுத்தது போகவில்லை.

வரலட்சுமி கீழே சிந்தியதைத் துடைக்கக்கூடக் குனியவில்லை. மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பெத்தவ கூப்டா திரும்பாதது ஒன் சத்தத்துக்கு எந்திரிக்குதே,” என்றார். அதுவரை என்னைச் சார் என்றுதான் சொல்லிவந்தார். “இன்னாய்யா பண்ண எம்பொண்ண?”

“நல்ல பயிற்சிம்மா,” என்றேன். உட்காரச் சொல்லும் குரல் எதையும் நாங்கள் பழக்கவில்லை. அதனால் நான் கிளம்பும்போதும் பூவிழி நின்றுகொண்டுதான் இருந்தாள்.

இனி மெரின் விஷயம். பூவிழி இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அகஸ்டினா என்று ஒரு பெண் வந்தாள். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை செய்துகொண்டே கல்லூரியில் படிப்பவள். நல்ல கால், நல்ல தோள். ஆனால் கேள்வி கேட்கிறவள். ஏன் சார் இப்படி நிற்கணும், அப்படி நின்றால் என்ன. இரண்டு வாரம் பார்த்தேன். முந்தாநாள் மெரினைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு அகஸ்டினாவுக்கு ஒரு திருத்தம் இருக்கு என்றேன்.

மெரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் மாதிரி இல்லை. ரொம்ப நேரம் தேடிய ஒன்று கண்ணில் பட்டவள் மாதிரி இருந்தது.

“சரி சார்,” என்றாள்.

நேற்று பயிற்சிக்கு யாருமே வரவில்லை. காற்றில் பந்து உருள்வதைப் பார்த்துக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். இன்று சூசையின் போன். மெரின் ஸ்டேஷனில் இருக்கிறாள் என்று கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. மனசு தாங்காமல், எல்லாம் நான்தான் செய்தேன் என்று உங்களிடம் சரணடைந்திருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றப் பார்க்கிறாள். அதை நான் ஏற்க முடியாது.

ஆகவே தெளிவாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். முதல் தடவை தவிர, பூவிழி தலையில் விழுந்த ஒவ்வொரு அடியும் அடிதான். விபத்து இல்லை. அடித்தது மெரினின் தோள். அடிக்கச் சொன்னது நான். எங்கே, எப்போது என்று சொன்னது நான். அவள் யோசிக்கக் கூடாது என்பதற்காகச் செய்தேன். என்ன ஆகும் என்று தெரிந்தே செய்தேன். என்னை உள்ளே வையுங்கள். மெரினை விட்டுவிடுங்கள். நான் இல்லாவிட்டாலும் குரல் கொடுக்க அவள் இருந்தால் அந்த அணி நிற்கும்.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்?

மெரின் சரணடைய வரவில்லையா. புகார் கொடுக்க வந்தாளா. என் மேல்.

தனியாக வரவில்லை என்கிறீர்கள். எல்லாரும் வந்திருக்கிறார்கள். வரலட்சுமியும், அவர் கையைப் பிடித்துக்கொண்டு பூவிழியும். இல்லை, நான் அதிர்ச்சி அடையவில்லை. கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா.

ஒவ்வொருத்தியையும் தனித்தனியாகக் கூப்பிட்டுத்தானே விசாரித்தீர்கள்? பெற்றோரை விட்டுப் பேசச் சொல்லியிருப்பீர்கள், பேர் கெடும், கல்யாணம் ஆகாது என்று யாராவது பயமுறுத்தியிருப்பார்கள். சூசையே வேண்டாம் என்று கெஞ்சினாரா. அப்படியும் ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லையா? மெரின் தான் அடித்ததையும் மறைக்காமல் சொன்னாளா? வந்து இரண்டு வாரமே ஆன அகஸ்டினாகூட அவர்களோடு நின்றாளா?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள்.

அதோ, சுவர் ஓரமாக நிற்கிறார்கள். பெஞ்சு காலியாக இருந்தும் ஒருத்தியும் உட்காரவில்லை. நடுவில் மெரின். அவளுக்கு இடது பக்கம் பூவிழி. பூவிழிக்கு அந்தப் பக்கம் அகஸ்டினா. யாரும் முந்தவில்லை, யாரும் பிந்தவில்லை. என்னைப் பார்த்துவிட்டார்கள், பாருங்கள், ஒரு கண்கூடத் தாழவில்லை.

மறுபடி பேனாவை எடுங்கள், மேடம். ஒன்று விட்டுப்போய்விட்டது. அப்படி நிற்க அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான்.